வராத சான்றிதழுக்கு நான் சொன்ன நன்றி

என்னோடு சேர்ந்து ஜெபித்தவர்களுக்கும், என் முதுகுக்குப் பின்னால் பேசியவர்களுக்கும், அது போதாமல் என் வீட்டு வாசலுக்கே வந்து பேசியவர்களுக்கும் ஆண்டவருடைய சமாதானம் உண்டாகட்டும். நான் பாரிவாக்கம் ஜெயசீலி. நம் சபையின் மாத இதழில் என் சாட்சி வருவது இது இரண்டாவது முறை. முதல் முறை வந்தது பொய். அதைத் திருத்துவதற்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒரு எழுத்தைக்கூட மாற்றக் கூடாது என்று சொல்லித்தான் பாஸ்டர் ஐயாவிடம் கொடுத்திருக்கிறேன். மாற்றினால் எனக்குத் தெரிந்துவிடும், நகல் என்னிடம் இருக்கிறது.

என் பிள்ளைகள் இரண்டு பேரும் மலேசியாவில் பிறந்தவர்கள். ஷாரனுக்கு இப்போது பதினான்கு வயது, ரூபனுக்குப் பதினொன்று. என் கணவர் அந்த நாட்டுத் தமிழர். கல்யாணமாகி அங்கே போய் ஒன்பது வருஷம் இருந்தேன். ஒருநாள் காலையில் வேலைக்குப் போகும் வழியில் லாரி மோதி அவர் இறந்துபோனார். அப்போது ரூபனுக்கு நான்கு வயது. கணவர் பேரில் கிடைத்த விசா கணவரோடு போய்விட்டது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நான் பிறந்து வளர்ந்த பக்கத்துக்கே திரும்பி வந்தேன். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ரப்பர் வாஷர் செய்யும் கம்பெனியில் வேலை கிடைத்தது. பாரிவாக்கத்தில் ஒரு வாடகை வீடு.

பிரச்சினை இதுதான். நான் இந்தியக் குடிமகள். பிள்ளைகள் மலேசியக் குடிமக்கள். நான் அங்கே தங்க முடியாது, அவர்கள் இங்கே தங்க முடியாது. அவர்களுக்கு இந்தியக் குடியுரிமைச் சான்றிதழ் கிடைத்தால்தான் நாங்கள் மூன்று பேரும் ஒரே வீட்டில் இருக்க முடியும். வந்த மறு வருஷமே விண்ணப்பம் போட்டேன். ஆளுக்கு ஒரு பைல். அந்த விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது என்று காட்டி, வருஷா வருஷம் பிள்ளைகளின் விசாவை நீட்டிக்கொண்டிருந்தேன்.

ஆறு வருஷம் போனது. கொடுக்காத காகிதம் இல்லை. கொடுத்ததையே மூன்று முறை கொடுத்தேன். பைலைப் பார்க்கும் கிளார்க் மாறுவார், புதியவர் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பார். "பைல் மேல போயிருக்கும்மா" என்பார்கள். மேலே என்றால் எத்தனையாவது மாடி என்று ஒருநாள் கேட்டே விட்டேன். அதற்கு அடுத்த இரண்டு முறை என்னை உட்காரவே சொல்லவில்லை.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு 'மலேசியா' என்றே பெயர். பெரிய மலேசியா, சின்ன மலேசியா. ஷாரன் கோ-கோ நன்றாக ஆடுவாள். வெளியூர்ப் போட்டிக்குப் பெயர் எழுதும்போது படிவத்தில் குடியுரிமை என்று ஒரு கட்டம் இருந்தது. அந்தக் கட்டத்தோடு அவள் ஆட்டம் நின்றது. வீட்டுக்கு வந்து அழவில்லை. ஷூவைக் கழுவிக் காயவைத்துப் பையில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். அவள் அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

இனி நம் சபைக்கு வருகிறேன். படிக்கிற சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

நம் சபையின் வழக்கம் புதிதாக வந்தவர்களுக்குத் தெரியாது. ஒன்றைக் கேட்டு ஜெபித்தால் 'கிடைக்கும்' என்று நாம் சொல்வதில்லை, 'கிடைத்துவிட்டது' என்று சொல்ல வேண்டும். 'இன்னும் வரவில்லை' என்று வாய் தவறிச் சொன்னால்கூடப் பக்கத்தில் இருப்பவர் தொடையைத் தட்டுவார். அது அவிசுவாசம். அப்படிச் சொல்லிச் சொல்லியே வருவதை நாமே நிறுத்திவிடுகிறோமாம். கைக்கு வருவதற்கு முன்பே மேடை ஏறி நன்றி சொல்வதற்கு விசுவாச சாட்சி என்று பெயர்.

பெண்கள் ஜெபக் கூட்டத்தை நடத்துபவர் கிரேஸ் அக்கா. என் வீட்டுக்கு நேர் எதிர்வீடு. தையல் மெஷின் வாசலிலேயே இருக்கும், தெருவில் யார் வந்தாலும் போனாலும் அவருக்குத் தெரியாமல் போகாது. அவர்தான் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"உன் வாய்தான் ஜெயா உனுக்கு எதிரி. வர்ல வர்லன்னு சொல்லிகினே கீற. அப்பறம் எப்டி வரும்? வந்துச்சுன்னு சொல்லு, வந்துடும்."

ஆறு வருஷம் அலைந்தவளுக்கு எது சொன்னாலும் சரியென்றுதான் தோன்றும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மேடை ஏறினேன். "என் இரண்டு பிள்ளைகளுக்கும் இந்தியக் குடியுரிமைச் சான்றிதழ் கிடைத்துவிட்டது. ஆண்டவருக்கு நன்றி" என்று மைக்கில் சொன்னேன். எல்லாரும் கை தட்டினீர்கள். நீங்களும்தான், எனக்கு முகங்கள் ஞாபகம் இருக்கின்றன. அடுத்த மாத இதழில் என் போட்டோவோடு அது அச்சில் வந்தது.

வீட்டுக்குப் போகும் வழியிலேயே ஷாரன் கேட்டாள். "சர்டிபிகேட் எங்கம்மா? காட்டு." அவிசுவாசமாகப் பேசாதே என்று அவளைத் திட்டினேன். நடுரோட்டில் திட்டினேன். இந்த ஏழு வருஷத்தில் நான் செய்ததிலேயே எனக்கு மிகவும் வெட்கமாக இருப்பது அதுதான்.

அதற்கு இரண்டு மாதம் கழித்து எங்கள் தெருவுக்கு விசாரணைக்கு ஆள் வந்திருக்கிறார். குடியுரிமை விண்ணப்பத்துக்கு அப்படி வந்து அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். நான் எஸ்டேட்டில் வேலையில் இருந்தேன், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். வீடு பூட்டியிருந்ததால் எதிர்வீட்டில் கேட்டிருக்கிறார். சாயங்காலம் கிரேஸ் அக்கா என்னிடம் சொன்னது இவ்வளவுதான். "யாரோ ஆபீஸ்லேர்ந்து வந்து உன்னப் பத்தி கேட்டாங்க ஜெயா. ரொம்ப நல்லவிதமா சொல்லி அனுப்சிக்கிறேன்." சந்தோஷத்தில் ஒரு கிண்ணம் மீன் குழம்பு கொண்டுபோய்க் கொடுத்தேன். சப்புக்கொட்டிச் சாப்பிட்டார்.

ஜூன் மாதம் விசா நீட்டிக்கப் போனேன். முடியாது என்றார்கள். பிள்ளைகளின் விண்ணப்பம் முடித்து வைக்கப்பட்டுவிட்டது, அதனால் இங்கே தங்குவதற்குக் காரணம் எதுவும் இல்லை, முப்பது நாளுக்குள் இரண்டு பேரும் நாட்டை விட்டுப் போக வேண்டும் என்று காகிதத்தில் கொடுத்துவிட்டார்கள். கொடுத்தவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. எதற்கு முடித்தார்கள் என்று கேட்டேன். பைல் இருக்கும் அலுவலகத்தில் போய்க் கேட்கச் சொன்னார்.

மறுநாளே அங்கே போனேன். அங்கிருந்த அதிகாரி பைலைப் பிரித்து ஒரு பக்கத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். நம் மாத இதழின் பக்கம். என் போட்டோ. அதன் மேல் பைல் எண் எழுதி, ஓட்டை போட்டு, கயிறு கோத்திருந்தார்கள்.

"இது நீங்கதானேம்மா?"

"நான்தான் சார்."

அவர் அதைச் சத்தமாக வாசித்தார். நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும். பக்கத்து மேசைகளில் இருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

"கிடைச்சாச்சுன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க. எதிர்வீட்டு அம்மாவும் அதையேதான் சொல்லி, இந்தப் பேப்பரையும் குடுத்திருக்காங்க. அப்புறம் எதுக்கும்மா இங்க வர்றீங்க?"

"கிடைக்கல சார்."

"கிடைக்காததுக்கா நன்றி சொன்னீங்க?"

"எங்க சபையில அப்படித்தான் சார் சொல்லுவோம்."

"சாமி முன்னாடி நின்னு பொய் சொல்லுவீங்களா?"

யாரோ சிரித்தார்கள். எனக்குக் காது இரண்டும் சுட்டது. அதிகாரி சிரிக்கவில்லை. "ஏற்கெனவே எங்கயோ வேற வழியில வாங்கிட்டாங்கன்னு நெனைச்சு க்ளோஸ் பண்ணியிருக்காங்கம்மா. இதைச் சொன்னவங்களும் அச்சடிச்சவங்களும் வந்து, இது உண்மையில்லன்னு எழுதிக் குடுக்கட்டும். அப்புறம் பாக்கலாம்" என்றார்.

பூந்தமல்லியில் பஸ்ஸை விட்டு இறங்கி நேராகக் கிரேஸ் அக்கா வாசலுக்குப் போனேன். அன்றைக்கு நான் பேசியதை இதில் எழுத முடியாது, எழுதினால் ஒரு எழுத்தையும் மாற்றக் கூடாது என்ற என் நிபந்தனையைப் பாஸ்டர் ஐயா மீற வேண்டி வரும். தெருவே வெளியே வந்து நின்றது. கிரேஸ் அக்கா முதலில் மிரண்டுபோனார். பிறகு மெஷினை விட்டு எழுந்து, "இன்னா மா, நானா உன் வாய்ல பூந்து பேசுனேன்? நீதான மைக்க புட்ச்சிகினு சொன்ன? நீ சொன்னத நான் சொன்னேன், அவ்ளோதான்" என்றார். அது உண்மை. அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. என் குழம்புக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடு என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். அவ்வளவு சின்ன புத்தி எனக்கு.

அடுத்து பாஸ்டர் ஐயா. சபையின் கடிதத்தாளில் இரண்டு வரி போதும் என்றேன்.

"அது பொய்யில்ல மகளே. அது விசுவாச அறிக்கை. பொய்னு நானே எழுதிக் குடுத்தா சபையோட பேர் என்ன ஆகும்?"

"என் பிள்ளைங்க என்ன ஆவாங்க ஐயா?"

"ஜெபிப்போம்" என்று அவர் கண்ணை மூடினார். அவர் கண் மூடியிருக்கும்போதே நான் எழுந்து வந்துவிட்டேன். எவ்வளவு நேரம் ஜெபித்தார் என்று எனக்குத் தெரியாது.

அந்த வாரம் என் கணவரின் அண்ணன் போன் செய்தார். பிள்ளைகளை அனுப்பிவிடு, டிக்கெட் போட்டுவிடுகிறேன், நீ தேவையில்லாமல் அலைந்து அவர்கள் படிப்பையும் கெடுக்காதே என்றார். ஏழு வருஷத்தில் பிள்ளைகளின் பிறந்தநாள் எது என்று கேட்காத மனிதர். நான் பேசிக்கொண்டிருந்ததை ரூபன் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். போனை வைத்ததும், "நாங்க போனா நீ எந்த வருஷம்மா வருவ?" என்றான். எந்த நாள் என்றுகூடக் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் பிள்ளைகள் வருஷக் கணக்கில் பேசக் கற்றிருந்தார்கள். நான் எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

கம்பெனியில் மறுநாள் சாப்பாட்டு நேரம். பின்பக்கம், கழித்துப்போட்ட ரப்பரைக் கொட்டி வைக்கும் இடத்தில் போய் நின்றேன். டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. முழங்கால் போடவும் இல்லை. நின்றபடியே சண்டை போட்டேன்.

"ஆண்டவரே, எனக்குக் கிடைக்கல. ஆறு வருஷமா கிடைக்கல. உங்க மேடையில ஏறி, உங்க பேரைச் சொல்லியே பொய் சொன்னேன். உங்களுக்குத் தெரியும்ல, அப்பவே ஏன் என் வாயை அடைக்கல? உங்க மேல எனக்குக் கோபம். கிரேஸ் அக்காவைக் கண்டாலே எரியுது. என்னை என்ன வேணா பண்ணுங்க. என் பிள்ளைங்களை எங்கிட்டயே விட்டுடுங்க. எனக்கு வேற எதுவும் வேணாம்."

இதுதான் என் ஜெபம். குரல் கேட்கவில்லை, வெளிச்சம் தெரியவில்லை. மணி அடித்தது, உள்ளே போய் வாஷர்களைச் சரிபார்க்க உட்கார்ந்தேன். ஆனால் ஒன்று மட்டும் மனதில் தெளிவாக இருந்தது. எந்த மேடையில் கிடைத்தது என்று சொன்னேனோ, அதே மேடையில் கிடைக்கவில்லை என்று சொல்ல வேண்டும். அதற்குமேல் எனக்கு எதுவும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் என் பெயரைக் கூப்பிடவில்லை. நானே போனேன். "எனக்குச் சான்றிதழ் கிடைக்கவில்லை. நான் சொன்னது பொய். அந்தப் பொய்யால் என் பிள்ளைகளை நாட்டை விட்டு அனுப்பப்போகிறார்கள்" என்றேன். மூன்றாவது வாக்கியத்திலேயே மைக்கை நிறுத்திவிட்டார்கள். கீபோர்டு வாசிக்கும் தம்பி பாட்டை ஆரம்பித்துவிட்டான். யார் கண் காட்டினார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மைக் இல்லாமலே கத்தினேன். எஸ்டேட்டில் மெஷின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய தொண்டை, கீபோர்டு எம்மாத்திரம்? முன் வரிசையில் ஒருவர் எழுந்து, "இறங்கும்மா கீழ, பிசாசு பேசுது" என்றார். அவர் பெயரை எழுதவில்லை. அவருக்கே தெரியும்.

நான் இறங்கவில்லை. அப்போதுதான் பெண்கள் பக்கத்தில் கிரேஸ் அக்கா எழுந்தார். என்னை இழுத்துக்கொண்டு போகத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் இருந்த இடத்திலேயே நின்றார்.

"எனுக்கும் கெடைக்கல" என்றார்.

தம்பி வாசிப்பதை நிறுத்தினான்.

"எங்க ஊட்டுக்காரர் குடிய உட்டுட்டார்னு ரெண்டு வருசம் முன்னாடி சாட்சி சொன்னேன். எல்லாரும் கை தட்னீங்க. அவர் உடல. நேத்து கூட குட்சிட்டு வந்து சோத்துத் தட்ட எட்டி ஒதைச்சாரு. நான்தான் வெளிய சொல்லாம கீறேன். ரெண்டு வருசமா அவருக்காக யாராச்சும் ஜெபம் பண்ணீங்களா? எப்டி பண்ணுவீங்க? நான்தான் முடிஞ்சிபோச்சுன்னு சொல்லிட்டனே."

சொல்லிவிட்டு முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு மாங்காட்டிலிருந்து வரும் ஒரு அம்மா எழுந்தார். "சர்க்கரை சுத்தமா பூட்ச்சுன்னு சொன்னேன். இன்னும் ஊசி போட்டுகினுதான் கீறேன்." அடுத்து சென்னீர்குப்பத்தில் டியூஷன் எடுக்கும் பெண், தனக்கு நிச்சயமாகிவிட்டது என்று சொன்ன கல்யாணம் நிச்சயமாகவே இல்லை என்றாள். அவள் அழுததைப் பார்த்து இன்னொருத்தி. மொத்தம் ஏழு பேர். நீங்கள் எல்லாரும் அங்கேதான் இருந்தீர்கள், நான் கூட்டிச் சொல்லவில்லை. பாஸ்டர் ஐயா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்குப் பிரசங்கம் இல்லை.

அன்று மதியம் கடிதத்தாளை எடுத்துக்கொண்டு அவரே என் வீட்டுக்கு வந்தார். என் வீட்டு மேசையில் வைத்துத்தான் எழுதினார். ஒரு தாளை எழுதிக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினார். எனக்குப் பாவமாக இருக்கவில்லை. பொய்யைத் திருத்த வந்த இடத்தில் இன்னொரு பொய் சொல்லக் கூடாது என்பதால் இதையும் எழுதுகிறேன்.

திங்கட்கிழமை காலையில் கிரேஸ் அக்கா கதவைத் தட்டினார். சபைக்குக் கட்டுகிற புடவையைக் கட்டி, ஆதார் அட்டையைக் கையில் வைத்திருந்தார். பின்னால் இன்னும் நான்கு பேர். "வா போலாம். வாயக் குட்த்து கெட்த்தவ நானு, நானே வந்து சொல்றேன்" என்றார். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. ஷேர் ஆட்டோவில் அவர் மடியில் பாதி உட்கார்ந்துதான் பஸ் ஸ்டாண்ட் வரை போனேன்.

அந்த அதிகாரி எங்கள் ஆறு பேரையும் பார்த்து, "இத்தனை பேருமா?" என்றார்.

"ஆமா சார்" என்றார் கிரேஸ் அக்கா. "இந்தப் பொண்ணுக்கு ஒன்னியும் வர்ல சார். எங்க சபைல வராததையும் வந்துட்ச்சுன்னுதான் சொல்லுவோம். நான் அத நெஜம்னு சொல்லி உங்க ஆளுக்கு புக்கையும் குட்த்துட்டேன். தப்பு என்னுது. எங்க கையெழுத்து போடணும்?"

அவர் கொஞ்ச நேரம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக எழுதி வாங்கினார். பாஸ்டர் ஐயாவின் கடிதத்தை அதே கயிற்றில் கோத்தார். அன்றே பைலை மறுபடி எடுக்கக் குறிப்பு எழுதி, நகல் ஒன்றை என் கையில் கொடுத்தார். ஆறு வருஷத்தில் அந்தக் கட்டிடத்தில் கேட்காமலே எனக்குக் கிடைத்த முதல் காகிதம் அது. அதை விசா அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு வாரம் அலையவிட்ட பிறகுதான் வெளியேறும் உத்தரவை நிறுத்திவைத்தார்கள். முப்பது நாளில் எட்டு நாள் மிச்சம் இருந்தது.

இது சாட்சியா, சரியான காகிதம் கொடுத்தால் கிடைக்கிற சாதாரண விஷயம்தானே என்று சிலர் கேட்கிறார்கள். கிரேஸ் அக்காவை உங்களுக்குத் தெரியும். தைத்த பிளவுஸ் இறுக்கிப் பிடிக்கிறது என்றால்கூட உன் உடம்புதான் பெருத்துவிட்டது என்று சொல்பவர். தெருவில் வைத்து நான் அவ்வளவு கேவலமாகப் பேசிய ஒரு வாரத்தில், அவர் சபை நடுவில் எழுந்து தன் வீட்டு அவமானத்தை எனக்காகச் சொன்னார். அது காகிதத்தால் நடந்ததில்லை. அதைச் செய்தவர் ஆண்டவர். அதற்காக அவருக்கு நான் நன்றி சொல்கிறேன், இந்த முறை கண்ணால் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

கிரேஸ் அக்காவும் நானும் ஒட்டிப்பிறந்தவர்கள்போல் ஆகிவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். போன வாரம்கூடத் தண்ணீர் லாரி வந்தபோது சண்டை. ஆனால் பெண்கள் ஜெபக் கூட்டத்தில் இப்போது வராததைத்தான் முதலில் சொல்கிறோம். அவர் வீட்டுக்காரருக்காக உபவாசம் இருக்கிறோம். அவர் இன்னும் குடிக்கிறார். இப்படி உள்ளதைச் சொல்வதால் மூன்று குடும்பங்கள் சபையை விட்டுப் போய்விட்டன, நான் விசுவாசத்தைக் கெடுத்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு. போனவர்களுக்கு இந்த இதழ் எப்படியும் போய்ச் சேரும். உங்கள் வீட்டில் எது வரவில்லை என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். அதை ஆண்டவரிடமாவது உள்ளபடி சொல்லுங்கள். கோபமாக இருந்தால் கோபமாகவே சொல்லுங்கள், அவர் கேட்பார். என்னுடையதைக் கேட்டார்.

போன மாதம் ரூபனின் சான்றிதழ் வந்துவிட்டது. கையெழுத்துப் போட்டு வாங்கினேன். அவன் பெயர், என் பெயர், அரசாங்க முத்திரை எல்லாம் இருக்கிறது. பீரோவில் வைத்திருக்கிறேன், சந்தேகப்படுபவர்கள் வீட்டுக்கு வந்து பார்க்கலாம்.

ஷாரனுடையது வரவில்லை. அவள் பைல் தனி, அது இன்னும் மேலே எங்கேயோ இருக்கிறது. தம்பியின் சான்றிதழை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்னோடதும்மா?" என்று கேட்டாள். அவள் முகத்தைப் பார்த்து, "இன்னும் வரலடி" என்றேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் தோளில் சாய்ந்துகொண்டாள். இந்த ஏழு வருஷத்தில் அன்றைக்குத்தான் அவள் என்னிடம் வாய்விட்டு அழுதாள்.

அவளுக்காக ஜெபியுங்கள். வரவில்லை என்று சொல்லியே ஜெபியுங்கள்.